இடக்கையால் சுடுபவருக்கு எந்த .22 கைத்துப்பாக்கி பொருந்தும்? செலவு குறைந்த இலக்குப் பயிற்சி பற்றி ஆலோசனை தேவை

முத்தையன்கட்டான் (தற்போது ஒட்டுசுட்டான்)

அனைவருக்கும் வணக்கம். நான் மெல்பேர்ணில் வசிக்கும் அவுஸ்திரேலியக் குடியுரிமையாளன். அம்மாவின் கண் சத்திரசிகிச்சையை முன்னிட்டு மூன்று மாத விடுமுறையில் ஒட்டுசுட்டானில் தங்கியிருக்கிறேன். இங்கே பின்னேரங்களில் செய்வதற்கு அதிகம் இல்லாததால், திரும்பிச் சென்றதும் எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றி ஆறுதலாக எழுதிக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு அங்கே ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதங்களும் கழகத்தின் துப்பாக்கிகளையே பயன்படுத்த வேண்டும் என்ற காலம் நான் இங்கு வருவதற்குச் சற்று முன்னர் முடிந்துவிட்டது. இனிச் சொந்தமாக ஒன்றை வாங்குவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். என் நோக்கம் இலக்கு அட்டையில் சுடுவது மட்டுமே. கிழமைக்கு ஒரு முறை சென்று 100 ரவை சுட்டால் எனக்குப் போதும், ஆனால் அதை ஆண்டு முழுவதும் இடைவிடாமல் செய்யக்கூடிய செலவுக்குள் இருக்க வேண்டும்.

இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, 2009 இல் பட்ட காயத்தினால் என் வலக்கையின் மோதிரவிரலும் சின்னவிரலும் மடங்குவதில்லை. ஆகையால் இடக்கையால் சுடப் பழகினேன். கழகத்தில் உள்ள துப்பாக்கிகளின் பிடிகளோ பெரும்பாலும் வலக்கைக்காரருக்கென்று செதுக்கப்பட்டவை. இரண்டாவது சிக்கலை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 9 மி.மீ. துப்பாக்கியால் சுடும்போது வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னரே கை தானாகக் கீழே இழுத்துவிடுகிறது. .22 ஆல் (0.22 அங்குலச் சிறு சன்னத்தைச் சுடும் துப்பாக்கியால்) சுட்டபோது அது மிகவும் குறைவாக இருந்தது.

கடைக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, "இரண்டு வருடத்தில் சலித்துவிடும், நேராக 9 மி.மீ. வாங்குங்கள்" என்றார். அவர் சொல்வது சரியா? .22 என்றால் எந்த வகையைப் பார்க்க வேண்டும்? மலிவானதை வாங்கிப் பின்னர் மாற்றுவதா, அல்லது முதலிலேயே நல்லதை வாங்கிவிடுவதா?

*

செட்டிகுளத்தாள் (மெல்பேர்ண்)

வணக்கம் தம்பி. நானும் விக்ரோரியா மாநிலத்தில்தான் ஒரு கழகத்தில் சுடுகிறேன். பத்து ஆண்டுகளாகப் புதியவர்களுக்குச் சுடுதளத்தில் அருகே நின்று சொல்லிக்கொடுத்து வருவதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். அவர் விற்கவேண்டியதைச் சொல்லியிருக்கிறார். 9 மி.மீ. சன்னத்தின் நிறை ஏறத்தாழ 7.5 முதல் 8 கிராம். .22 லோங் றைபிள் ரவையின் வழக்கமான சன்னம் 2.6 கிராம்தான். உதைப்பும் ஓசையும் அதற்கேற்பக் குறைகின்றன, விலையும் அப்படியே குறைகிறது. ஒரு 9 மி.மீ. ரவையின் விலைக்கு .22 ரவைகள் இரண்டு மூன்று கிடைக்கும். நீங்கள் சொல்லும் கணக்கில் ஆண்டுக்கு 5,000 ரவைகள் தேவைப்படும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் துப்பாக்கிக்குக் கொடுத்த பணத்தை விட ரவைக்குக் கொடுத்த பணம் கூடிவிடும். எனவே "மலிவான துப்பாக்கி" என்பதை விட "மலிவான ரவையைச் சிக்கலின்றி உண்ணும் துப்பாக்கி" என்று தேடுவதே பொருத்தம்.

அடுத்ததாக, இணையத்தில் அமெரிக்கர்கள் பரிந்துரைக்கும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவுஸ்திரேலியாவில் விளையாட்டுக்காகச் சுடுபவர் வைத்திருக்கும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் (ஒரு அழுத்தலுக்கு ஒரு முறை சுட்டு, அடுத்த ரவையைத் தானே ஏற்றும் வகையின்) குழல் 120 மி.மீற்றருக்குக் குறையக் கூடாது, சுழல்துப்பாக்கியாயின் 100 மி.மீற்றருக்குக் குறையக் கூடாது, ரவைக்கூட்டில் பத்துக்கு மேல் ரவை இருக்கக் கூடாது. விசேட போட்டித் துப்பாக்கிகளுக்கு மட்டும் குழல் நீளத்தில் விலக்கு உண்டு. இந்த அளவுகோலை வைத்தாலே பாதிப் பட்டியல் விழுந்துவிடும். றூகர் எஸ்.ஆர். 22 இன் வழக்கமான குழல் 89 மி.மீ. மட்டுமே. கிளொக் 44 இன் குழல் 102 மி.மீ. ரோறஸ் டி.எக்ஸ். 22 இன் குழலும் அதே அளவில்தான் இருக்கிறது, அதன் ரவைக்கூடோ 16 ரவை கொள்வது. இவை நல்ல துப்பாக்கிகளா என்பது வேறு விடயம். வழக்கமான வடிவில் இவை நமக்கு உரியவை அல்ல.

மிஞ்சுபவற்றில் மூன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள்: றூகர் மார்க் 4 ராகெற், பிறவுணிங் பக் மார்க், ஸ்மித் அன்ட் வெசன் எஸ்.டபிள்யூ. 22 விக்ரறி. மூன்றுக்கும் 5.5 அங்குல, அதாவது 140 மி.மீ. குழல் கிடைக்கிறது, மூன்றும் பத்து ரவைக் கூடுடன் வருகின்றன, மூன்றினதும் நிறை ஒரு கிலோகிராமை ஒட்டியே இருக்கிறது. 25 மீற்றரில் எது கூடுதலாகக் குறி தவறாது என்று கேட்டால், தொடக்கக்காரரால் அந்த வேறுபாட்டை உணரவே முடியாது என்பேன். வேறுபாடு இருப்பது கையாளுவதில்.

உங்கள் இடக்கைக்கு மார்க் 4 தான் முதலில் வருகிறது. அதன் பாதுகாப்பு நெம்பு இரு பக்கத்திலும் இருக்கிறது. பக் மார்க்கில் இடப்பக்கத்தில் மட்டுமே, அதாவது வலக்கைப் பெருவிரலுக்கு எட்டும் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. மார்க் 4 இன் ரவைக்கூட்டை விடுவிக்கும் பொத்தானும் இடப்பக்கத்தில்தான் உள்ளது என்றாலும், இடக்கைக்காரர் அதைச் சுட்டுவிரலால் அழுத்திவிடலாம். நானே இடக்கைக்காரி, எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. சுட்ட ரவையின் வெற்றுக் கோது வலப்பக்கமாகத் தெறிப்பதால் முகத்தின் முன்னே குறுக்காகப் பறப்பது போலத் தோன்றும். ஒரு மாதத்தில் பழகிவிடும், கண்ணாடியை மட்டும் கழற்றாதீர்கள்.

இனி உங்கள் வலக்கை பற்றிச் சொல்கிறேன். துப்பாக்கியைப் பின்னிழுத்து ஏற்றுவதற்கு முழுக்கையும் தேவைப்படும் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். 9 மி.மீ. இல் அது உண்மைதான். ஆனால் றூகரிலும் விக்ரறியிலும் மேற்பகுதி முழுவதும் நகர்வதில்லை. உள்ளே இருக்கும் பூட்டுத்தண்டு மட்டுமே பின்னே வருகிறது, அதன் பின்முனையில் இரு பக்கமும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து இழுத்தால் போதும். சுருளும் மெல்லியது. மோதிரவிரலுக்கும் சின்னவிரலுக்கும் அங்கே வேலையே இல்லை.

அதோடு 25 மீற்றர் சர்வதேசப் போட்டி முறையில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மற்றக் கையைச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்வதே வழக்கம். கழகத்தில் எல்லோரும் உங்களுக்கு ஹங்கேரிய வீரர் கரோய் தகாச்சின் கதையைச் சொல்லப் போகிறார்கள், ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்: 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தவர், இடக்கையால் பழகி 1948 இலும் 1952 இலும் விரைவுச் சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். கதை உண்மையானது. ஆனால் அதைப் பத்துப் பேரிடம் கேட்டால் சலிப்பு வரும் என்பதும் உண்மை.

*

கனகராயன் (கிளிநொச்சி)

நான் ஒன்ராறியோவில் 22 ஆண்டுகள் இயந்திரத் திருத்துநராக வேலை செய்து, ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவன். அங்கே இருந்த காலத்தில் ஒரு பழைய றூகர் மார்க் 2 ஐயும் ஒரு பக் மார்க்கையும் வைத்திருந்தேன். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டுவிட்டதால், ரொறன்ரோவில் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் பயிற்சி பெறுபவர்களுக்கு மட்டும் குறுகிய விலக்கு இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்நாட்டின் ஆயுத ஒழுங்குவிதி, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் பெயர் குறித்தே தடுக்கிறது. விளையாட்டுப் போட்டிகளில் பங்குபற்றுபவர்களுக்குக் கன்ரன் (மாநில) அலுவலகம் விதிவிலக்காக அனுமதிக்கலாம்; மற்றவர்கள் சுவிஸ் குடியுரிமை பெற்ற பின்னர்தான் வாங்கும் அனுமதி பற்றிக் கேட்கலாம். என் மைத்துனர் அதை அறியாமல் கடைவரை சென்று வெட்கத்தோடு திரும்பினார்.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். செட்டிகுளத்தாள் துப்பாக்கியைப் பற்றி எழுதிவிட்டார், நான் ரவையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் .22 இல் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

.22 ரவை றிம்ஃபயர் வகையைச் சேர்ந்தது. றிம்ஃபயர் என்பது ரவையின் அடித்தட்டு விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் மருந்து பூசப்பட்ட வகை. 9 மி.மீ. போன்றவற்றில் அடித்தட்டின் நடுவில் தனியாக ஒரு சிறு கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். றிம்ஃபயரில் அப்படித் தனியே எதுவும் இல்லை. ஈரமான மருந்தைக் கோதுக்குள் இட்டு, கோதைச் சுழற்றி விளிம்பின் மடிப்புக்குள் ஏற்றுகிறார்கள். விசையை அழுத்தியதும் முன்னே வந்து மோதும் அடிமுனை என்ற ஊசி அந்த மடிப்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. இதனால்தான் உற்பத்திச் செலவு குறைவு. இதனால்தான் கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தவும் முடியாது. சுழற்றும்போது மருந்து ஓரிடத்தில் குறைந்துவிட்டால், அடிமுனை சரியாக அந்த இடத்தில் விழும்போது ரவை வெடிக்காது. அப்படி நேர்ந்தால் பதறாமல், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு 30 செக்கன் காத்திருந்து, அதன் பின்னரே ரவையை வெளியே எடுங்கள். சில வேளைகளில் மருந்து தாமதமாகப் பற்றும். வெளியே எடுத்த ரவையைச் சற்றுத் திருப்பி மீண்டும் ஏற்றினால், அடிமுனை விளிம்பின் வேறிடத்தில் விழுந்து பெரும்பாலும் வெடித்துவிடும். ஆனால் கழக விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இந்த .22 லோங் றைபிள் ரவை 1887 இலிருந்து இருக்கிறது. அத்தனை காலமாகியும் இரண்டு துப்பாக்கிகள் ஒரே ரவையை ஒரே மாதிரி விரும்புவதில்லை. என் மார்க் 2 எதைப் போட்டாலும் உண்டது. பக் மார்க் ஒரு மலிவான மொத்தப் பெட்டி ரவையைப் போட்ட நாளில், பத்துக்கு ஒரு தடவையாவது கோதை வெளியே தள்ளாமல் வாயில் கவ்விக்கொண்டு நின்றது. துப்பாக்கியைத் திட்டினேன். பிறகு வேறு ரவை போட்டதும் ஒரு குறையும் இல்லை. இந்த அரைத் தானியங்கிகள் ரவையின் உதைப்பினால்தான் இயங்குகின்றன. உதைப்பு சற்றுக் குறைந்தாலோ, மணிக்கட்டு தளர்ந்திருந்தாலோ, மெழுகும் ஈயமும் அறைவாயில் (ரவை அமரும் குழலின் பின்வாயில்) படிந்திருந்தாலோ பூட்டுத்தண்டு முழுத் தூரமும் பின்னே வராது.

ஆகையால் முதலில் 500 ரவைப் பெட்டியை வாங்காதீர்கள். நாலைந்து வகைகளில் 50 ரவைப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். சி.சி.ஐ. ஸ்ரான்டர்ட், எலி, எஸ்.கே. போன்ற பெயர்களில் விற்கப்படும் ரவைகளைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கையை மணற்பையில் ஊன்றி 25 மீற்றரில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக இரண்டு அட்டை சுடுங்கள். துளைகள் நெருக்கமாக விழுவதும், ஒரு தடவையும் சிக்காததும் எதுவோ, அதே உற்பத்தித் தொகுதியில் மொத்தமாக வாங்கி வையுங்கள். இலக்குப் பயிற்சிக்கு அதிவேக ரவை தேவையே இல்லை. றைபிள் குழலில் அளக்கும்போது செக்கனுக்கு 330 மீற்றருக்குக் கீழே இருக்கும் சாதாரண வேக ரவையே சீராகச் சுடும், ஓசையும் குறைவு. சில புதிய துப்பாக்கிகளின் சுருள் இறுக்கமாக இருப்பதால் முதல் சில நூறு ரவைகள் மட்டும் வேகமானதைக் கேட்கும்.

கை கீழே இழுப்பதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். வன்னியில் பிறந்த எங்களில் எத்தனை பேருக்குக் கதவு அடித்துச் சாத்தினால் தோள் குலுங்காமல் இருக்கிறது? ஆனால் சுடுதளத்தில் அது போர் கண்டவருக்கு மட்டும் வருவதன்று. கனடாவில் பிறந்து வளர்ந்த பையன்களும் இப்படித்தான் இழுத்தார்கள். அதற்கு மருந்து இரண்டு. காதுக்குள் நுரைக் காதடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். .22 என்றாலும் கைத்துப்பாக்கியின் ஓசை செவியைக் கெடுக்கக்கூடியதுதான். மற்றது, நண்பர் ஒருவரிடம் கொடுத்து ரவைக்கூட்டில் உண்மையான ரவைகளுக்கிடையே பிளாஸ்ரிக் போலி ரவைகளைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. போலி ரவை வரும்போது குழல் முனையிலுள்ள முன்குறி அசையாமல் நிற்கும் நாளில் உங்கள் புள்ளிகள் தானாகவே உயரும்.

வீட்டில் வெறுமையாக விசையை அழுத்திப் பழகுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் றிம்ஃபயரில் ஒரு கவனம் வேண்டும். ரவை இல்லாதபோது அடிமுனை நேராக அறைவாயின் ஓரத்தில் மோதி அதைப் பள்ளமாக்கிவிடலாம். றூகர் தன் மார்க் வரிசையில் அதைத் தாங்கும்படி செய்திருக்கிறது. மற்றவற்றின் கையேட்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். மார்க் 4 இல் ரவைக்கூடு உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது என்பதால், வெற்றுக் கூட்டைப் போட்டே பழக வேண்டும். அது வெற்றுக் கூடுதான் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரவைகளை வேறு அறையில் பூட்டி வைத்த பின்னரே பழகுங்கள்.

*

வயற்காவல் (நெடுங்கேணி)

தம்பி முத்தையன்கட்டானுக்கு வணக்கம். எனக்கு இந்த விளையாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றித் தெரியாது. பன்றியும் யானையும் வரும் வயலுக்காகக் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு சொட்கன் வைத்திருந்தவன். ஆண்டுதோறும் அந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்க அலைந்த அலைச்சல் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுத வந்தது ஒரு சிறிய விடயம். நீங்கள் அம்மாவோடு இருக்கும் நாட்களில் இதைப் பற்றித் தொலைபேசியில் சத்தமாகப் பேசாதீர்கள். அவருடைய வயதில் உள்ளவர்களுக்குத் துவக்கு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். எங்கள் பக்கத்தில் கட்டுத்துவக்கில் கால் போனவர்கள் இருக்கிறார்கள், மிதிவெடியில் போனவர்கள் இருக்கிறார்கள், இன்றும் காடு வெட்டப் போனால் கோது பொறுக்கி விளையாடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். நீங்கள் செய்வது தவறென்று நான் சொல்லவில்லை. அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, வேறு யார் கையிலும் படாதா என்று கேட்கிறேன். கடதாசியைச் சுடுவதற்கு இவ்வளவு செலவா என்றும் கேட்கத் தோன்றுகிறது, அது என் கிழட்டுக் கேள்வி.

*

செட்டிகுளத்தாள் (மெல்பேர்ண்)

ஐயா, உங்கள் கேள்வி கிழட்டுக் கேள்வி அல்ல. தம்பியின் செலவுக் கணக்கில் விடுபட்டதே அதுதான். விக்ரோரியாவில் கைத்துப்பாக்கியை உருக்குப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும். வெறும் பெட்டகத்தின் நிறை 150 கிலோகிராமுக்குக் குறைவாயின் அதைக் கட்டடத்தோடு ஆணியிட்டு இறுக்க வேண்டும். ரவைக்கு வேறொரு பூட்டிய பெட்டி. பொலிஸார் வந்து பார்ப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் துளையிட வீட்டுக்காரரின் சம்மதத்தையும் பெற வேண்டும். துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்னரே இதை முடித்துவிடுங்கள், தம்பி. அதோடு ஆண்டுக்குக் குறைந்தது ஆறு கழகப் போட்டிகளில் பங்குபற்றியதாகப் பதிவு இருக்க வேண்டும். அந்தக் கட்டணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மலிவானதை வாங்கிப் பின்னர் மாற்றுவதா" என்று கேட்டிருந்தீர்கள். கழகங்களில் முதிய உறுப்பினர்கள் சுடுவதை நிறுத்தும்போது அருமையான போட்டித் துப்பாக்கிகள் விலைக்கு வரும். ஹெமர்லி 208, வால்தர் ஜி.எஸ்.பி., 1957 முதல் செய்யப்பட்டுவரும் ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 41 என்று பெயர்களைக் கேட்டாலே சிலருக்குக் கண் மின்னும். விசை இழுபடாமல், கண்ணாடி முறிவது போலச் சட்டென்று விடுபடும். ஆனால் அவற்றின் மரப்பிடிகள் ஒருவர் கைக்கென்று செதுக்கப்பட்டவை, அதுவும் பெரும்பாலும் வலக்கைக்கு. இடக்கைப் பிடி புதிதாகச் செய்விக்கும் செலவு, உற்பத்தி நின்றுபோன ஹெமர்லிக்கு உதிரிப்பாகம் தேடும் செலவு என்று பார்த்தால், முதல் துப்பாக்கியாக அவை உங்களுக்கு மலிவல்ல. மூன்று ஆண்டு கழித்து, உங்கள் கை என்ன கேட்கிறது என்று தெரிந்த பின்னர் பாருங்கள்.

பழைய மார்க் 4 கிடைத்தால் வாங்கலாம், ஆனால் 2017 யூன் முதலாம் திகதிக்கு முன்னர் செய்யப்பட்டவற்றை நிறுவனமே திருத்தத்துக்குத் திரும்ப அழைத்திருந்தது. பாதுகாப்பு நெம்பு இடைநடுவில் நிற்கும்போது விசையை அழுத்திவிட்டுப் பின்னர் நெம்பைத் தள்ளினால் ரவை வெடிக்கும் வாய்ப்பு இருந்தது. தொடரிலக்கத்தைக் கொண்டு அந்தத் திருத்தம் நடந்ததா என்று பார்த்த பின்னரே பணம் கொடுங்கள். பழைய மார்க் 2, மார்க் 3 ஆகியவை மலிவாக வரும். நன்றாகவும் சுடும். கழற்றிய பின் மீண்டும் பூட்டுவதுதான் தலைவேதனை. கனகராயன் அண்ணா போன்ற இயந்திரக்காரருக்கு அது விளையாட்டாக இருக்கலாம். இரண்டு விரல் மடங்காத கைக்கு, பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி தானாக நிமிரும் மார்க் 4 தான் ஏற்றது.

*

கனகராயன் (கிளிநொச்சி)

விளையாட்டு என்றா சொல்கிறீர்கள்? மார்க் 2 ஐ முதன்முதலில் கழற்றிய இரவு, அதை மீண்டும் பூட்டுவதற்குள் விடிந்துவிட்டது. லொறி இயந்திரத்தை அதை விட விரைவாகப் பூட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் விட்டுவிட்டேன். அரைத் தானியங்கி மட்டுமே வழியென்று இல்லை. .22 சுழல்துப்பாக்கி ரவையின் உதைப்பை நம்பி இயங்குவதில்லை. எந்த ரவையைப் போட்டாலும் சுழலும், வெடிக்காத ரவை வந்தால், காத்திருந்து விசையை மீண்டும் அழுத்தும்போது அடுத்தது வந்து நிற்கும். ஆனால் ஒவ்வொரு கோதையும் தள்ளி ஒவ்வொரு ரவையையும் விரலால் இடும் வேலை உங்கள் கைக்குச் சிரமம். சுத்தியலைப் பின்தள்ளி விடுவிக்கும் இரண்டு வேலையையும் ஒரே இழுப்பில் செய்ய வேண்டியதால் விசையும் கனமாக இருக்கும். ஆகவே அதை நான் பரிந்துரைக்கவில்லை.

*

பாலியாறு (வவுனியா)

அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். நான் உயர்தரம் முடித்தவன். இந்த இழையைப் படித்ததும் ஆசையாக இருக்கிறது. இங்கே வன்னியில் இருந்துகொண்டு ஒரு .22 கைத்துப்பாக்கியால் பழக வழி உண்டா? வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் காற்றுத்துப்பாக்கி என்றால் பயணப்பெட்டியில் கொண்டுவரலாம் என்கிறார்.

*

கனகராயன் (கிளிநொச்சி)

தம்பி பாலியாறு, உறவினரின் அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்நாட்டில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இன்றி வைத்திருப்பது குற்றம். தனியாள் ஒருவர் பொழுதுபோக்குக்காகக் கைத்துப்பாக்கி வாங்கும் வழக்கம் இங்கே இல்லை. காற்றுத்துப்பாக்கி விளையாட்டுப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எழுத்தில் கையில் இல்லாமல் எதையும் கொண்டுவர விடக்கூடாது. கட்டுநாயக்காவில் உங்கள் உறவினர் பிடிபட்டால், எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் விசாரணை எவ்வளவு நேரம் நீளும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வழி இருப்பது விளையாட்டுக்குள்தான். பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ கொழும்புப் பக்கம் போனால், அங்கே துப்பாக்கிச்சுடுதல் விளையாட்டுக் கழகங்களில் சேர்ந்து, அவர்களுடைய தளத்தில், அவர்களுடைய துப்பாக்கியால் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி பழகுவதே நேரான பாதை. அது குறைந்ததொன்று என்று நினைக்காதீர்கள். அந்த இலக்கின் பத்தாம் வளையம் 11.5 மி.மீ. மட்டுமே. 4.5 மி.மீ. ஈயக்குண்டு மெதுவாகக் குழலைவிட்டு வெளியேறுவதால், விசையை அழுத்திய பின்னர் கை அசைந்தால் அந்தப் பிழையும் அட்டையில் தெரியும். காற்றில் பழகியவருக்கு .22 எளிது.

*

செட்டிகுளத்தாள் (மெல்பேர்ண்)

பயணப்பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. முத்தையன்கட்டான் தம்பி, சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி எடுத்துச் சென்று, பக்கப் பையின் தையலுக்குள் கிடந்த ஒற்றை .22 கோதுக்காக ஒரு விமானநிலையத்தில் இரண்டு மணித்தியாலம் அமர்ந்திருந்தேன். வெற்றுக் கோதுதான். ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த இடம் வவுனியா.

*

முத்தையன்கட்டான் (தற்போது ஒட்டுசுட்டான்)

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாக என் பையைப் பார்த்தேன். நல்லவேளை, வேறு பைதான் கொண்டு வந்திருக்கிறேன்.

வயற்காவல் ஐயா சொன்னபடி அம்மாவுக்குக் கேட்காமல்தான் பேசுகிறேன். இருந்தாலும் நேற்று அவரே கேட்டார், நான் ஒளிக்கவில்லை. "அதை ஏன் மகனே இன்னும் தொடுகிறாய்?" என்றார். அட்டையைக் காட்டினேன். கண்ணில் கட்டுப் போட்டபடியே மற்றக் கண்ணால் பார்த்துவிட்டு, "நடுவில் ஒன்றும் இல்லையே" என்றார்.

நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். 9 மி.மீ. இப்போதைக்கு வேண்டாம். திரும்பிச் சென்றதும் முதலில் பெட்டகத்தை வாங்கிச் சுவரில் இறுக்குவேன். பிறகு 140 மி.மீ. குழலுள்ள மார்க் 4 ராகெற் ஒன்றுக்கு அனுமதி கேட்பேன். பழையது கிடைத்தால் தொடரிலக்கத்தைப் பார்ப்பேன். மிஞ்சும் பணத்தை ரவைக்கென்று ஒதுக்குவேன். ஐம்பது ரவைப் பெட்டிகள் ஐந்தையும் கனகராயன் அண்ணா சொன்ன முறையிலேயே சோதிப்பேன்.

ஒரே ஒரு ஐயம் மீதியிருக்கிறது. ரவைக்கூட்டை நிரப்பும்போது ஒரு கையால் கூட்டைப் பிடித்து மறு கையால் ரவையை இட வேண்டும். கழகத்தின் பழைய துப்பாக்கியில் எட்டாவது ரவைக்குப் பின் என் வலக்கை ஒத்துழைக்கவில்லை. மற்றொன்று, என் வலக்கண்தான் வலிமையான கண். இடக்கையால் சுடும்போது அது குறுக்கே வருமா?

*

செட்டிகுளத்தாள் (மெல்பேர்ண்)

கண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். றைபிளில்தான் அது பெரிய சிக்கல். கைத்துப்பாக்கியில் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் வலக்கண் குறிகளுக்கு நேரே வந்துவிடும், அல்லது துப்பாக்கியை ஒரு விரலளவு வலப்பக்கம் கொண்டுவரலாம். இடக்கண்ணை இறுக மூடாதீர்கள், முகம் முழுவதும் இறுகிவிடும். கண்ணாடியின் இடப்பக்க வில்லையில் மங்கலான ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.

ரவைக்கூட்டின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும், அதைக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் சுருள் தாழும். அதை விரலால் இழுப்பதுதான் உங்கள் கையைக் களைப்பாக்குகிறது. அந்தப் பொத்தானில் கொழுவி இழுக்கும் சிறு பிளாஸ்ரிக் கருவி கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கிறது. கூட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு வலக்கைப் பெருவிரலால் அக்கருவியைத் தாழ்த்தி, இடக்கையால் ரவையை ஒவ்வொன்றாக இடுங்கள். அதோடு துல்லியச் சுடுதலில் ஒரு தொடருக்கு ஐந்து ரவைகளே சுட வேண்டும் என்பதால், எட்டாவது ரவை உங்களுக்குத் தேவைப்படப் போவதில்லை.

வந்ததும் எழுதுங்கள். எங்கள் கழகத்தில் மார்க் 4 ஒன்று இருக்கிறது. விருந்தினராக வந்து அதில் ஐம்பது ரவை சுட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பலாம். ரவைக்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்.